22 அங்குலக் கதவு: பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பாரா என்ற கவலை எனக்கு இல்லை. நான் கேட்பதைக் கேட்டேன் என்பதற்கு நாலு தமிழ் வாசகர்கள் சாட்சியாக இருந்தால் போதும். சாட்சி என்ற சொல் இந்த மடலில் இன்னும் சில இடங்களில் வரும்.

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. அது வந்த அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் எடுத்துவைத்துக்கொண்டேன். அளவு நாடாவைப் பிடித்து, பெட்டியின் ஒரு பக்கத்தில் 22 அங்குல அகலத்துக்கு ஒரு வழி வெட்டினேன். எதிர் வீட்டுப் பையனுக்கு வயது 19. மெலிந்த உடம்பு, கிரிக்கெட் ஆடுகிறவன். அவனைக் கூப்பிட்டு இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, கனமான பூட்ஸ் எல்லாம் போடச் சொல்லி, நெஞ்சில் ஒரு தலையணையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். "இந்த வழியாக வெளியே வா பார்க்கலாம்" என்றேன். முதல் முறை தலையணை மாட்டிக்கொண்டது. இரண்டாம் முறை தோள். மூன்றாம் முறை ஒருக்களித்து, மூச்சை உள்ளிழுத்து, ஒருவழியாக வந்து சேர்ந்தான். "இதெல்லாம் எதற்கு மாமா?" என்று கேட்டான். "நீ இப்போது பகலில், அசையாத தரையில், நெருப்பு இல்லாமல் வந்திருக்கிறாய்" என்று மட்டும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

இரண்டாம் உலகப் போரில் உங்கள் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தின் முதுகெலும்பாக இருந்த லங்காஸ்டர் விமானத்தில், மூக்குப் பகுதியின் தரையில் ஒரு கதவு இருந்தது. விமானம் அடிபட்டால் முன்பக்கம் இருப்பவர்கள் பாராசூட்டோடு குதிக்க வேண்டிய வழி அது. அதன் அகலம் 22 அங்குலம்.

ஆனால் நான் எழுத வந்தது முதலில் ஓர் ஆளைப் பற்றி. பெயர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. 1916 அக்டோபர் 14 அன்று கனடாவின் வின்னிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 16 வயதில் தந்தை இறந்துவிட்டார். வீட்டுச் சுமையைத் தாங்க உதவியாகத் தோல் வேலைக்குப் போனார். கையால் எதையாவது செய்துகொண்டே இருக்கிற சுபாவம். சின்னச் சின்ன மாதிரி விமானங்கள் செய்வாராம். 1941இல் கனடா அரச விமானப் படையில் சேர்ந்தார். வானொலி இயக்குநருக்கான பள்ளியில் தொடங்கிய பயிற்சி கடைசியில் துப்பாக்கி வீரர் என்ற இடத்தில் வந்து நின்றது. லங்காஸ்டரின் முதுகில் கண்ணாடிக் குமிழ் போல ஒரு சுழல் கூண்டு இருக்கும். அதில் உட்கார்ந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. இறந்தபோது வயது 27. அந்தப் படையின் கணக்கில் 27 என்பது கொஞ்சம் மூத்த வயது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாலின் நுனியில் இன்னொரு கூண்டு. அதில் இருந்தவர் பேட் பிரோஃபி. இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஆனால் பிரோஃபி அதிகாரி. மைனார்ஸ்கி அதற்குக் கீழ்ப்பட்ட தரம். ஒரே விமானத்தில் ஒன்றாகச் சாகலாம். ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. அது உங்கள் ஒழுங்கு. அதனால் இரவு பிரிந்து அவரவர் தங்குமிடத்துக்குப் போகும்போது, மைனார்ஸ்கி விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்து, "குட் நைட், சார்" என்பாராம். நண்பனை 'சார்' என்று அழைப்பதில் ஒரு கிண்டல். பதவியையும் கேலி செய்தாயிற்று, நட்பையும் சொல்லியாயிற்று.

1944 ஜூன் 12 மாலை. பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேசப்படைகள் இறங்கி ஆறு நாள். இங்கிலாந்தின் வடக்கே மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் விமானத் தளத்தில் 419ஆவது படையணியின் லங்காஸ்டர் கேபி 726 புறப்படத் தயாராக நின்றது. டொராண்டோவுக்கு அருகே மால்டன் தொழிற்சாலையில் கட்டிய விமானம். அந்த மால்டன் விமானத் தளம்தான் இன்றைய டொராண்டோ பன்னாட்டு விமான நிலையம். தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் இடம். அந்த ஓடுபாதையின் ஓரத்தில் ஒரு காலத்தில் என்ன செய்தார்கள் என்பதை இறங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

புறப்படும் நேரத்துக்காக ஏழு பேரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பிரான்ஸின் காம்ப்ரே ரயில் முனையம் அன்றைய இலக்கு. இந்தக் குழுவுக்கு அது 13ஆவது பயணம். இலக்கை அடையும்போது தேதியும் 13 ஆகியிருக்கும். புல்லுக்குள் மைனார்ஸ்கி ஒரு குளோவர் செடியைக் கண்டெடுத்தார். வழக்கமாக மூன்று இலை இருக்கும், இதில் நான்கு. நான்கு இலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை அவர் தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ வைத்துக்கொள்" என்று பிரோஃபியிடம் கொடுத்துவிட்டார்.

நள்ளிரவு தாண்டி, பிரான்ஸின் மேல், யுங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்று பின்னாலிருந்து கீழ்ப்புறமாக வந்து சுட்டது. இடது பக்க இயந்திரங்கள் இரண்டும் போயின. இறக்கையில் தீ. உடலின் உள்ளே, முதுகுக் கூண்டுக்கும் வால் கூண்டுக்கும் நடுவில், இன்னொரு தீ. விமானி ஆர்ட் டி பிரெய்ன் எல்லோரையும் குதிக்கச் சொன்னார்.

இனி நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன். உங்கள் ஆவணத்தில் இது வேகமாகப் போய்விடுகிறது.

வால் கூண்டு சுழல்வது எண்ணெய் அழுத்தத்தால். அந்த அழுத்தத்தைத் தருவது இடது இயந்திரம். இயந்திரம் செத்தால் கூண்டும் செத்தது. உள்ளே இடம் போதாததால் பாராசூட்டைக் கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருப்பார்கள். ஆபத்து வந்தால் கூண்டை நேராகத் திருப்பி, பின்கதவைத் திறந்து, கைநீட்டிப் பாராசூட்டை எடுத்து, நெஞ்சில் மாட்டி, மறுபடி கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுப்புறமாக வெளியே விழ வேண்டும். இத்தனையும் எரியும் விமானத்தில். பிரோஃபி பாராசூட்டை எடுத்து மாட்டிவிட்டார். திரும்பும்போது கூண்டு நின்றுவிட்டது. உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் விழ முடியாது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். கையால் சுற்றினால் கூண்டு திரும்பும். பிரோஃபி சுற்றினார். கைப்பிடி ஒடிந்து அவர் கையோடு வந்தது.

அந்த ஒடிந்த கைப்பிடியிடம்தான் இந்த மடல் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

மைனார்ஸ்கி தன் கூண்டிலிருந்து இறங்கி, வாலுக்கு அருகிலுள்ள கதவுக்கு வந்துவிட்டார். ஒரு அடி வைத்தால் வெளியே. அங்கிருந்து பின்னால் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பிரோஃபி. இருவருக்கும் நடுவே கசிந்த எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. மைனார்ஸ்கி திரும்பினார். தீக்குள் முழங்காலில் தவழ்ந்து போனார். கோடரியால் கூண்டின் கதவை நெம்பினார். அசையவில்லை. கோடரியைப் போட்டுவிட்டுக் கையாலேயே பிய்க்கப் பார்த்தார். அதற்குள் இடுப்பிலிருந்து கீழே உடை எரிந்துகொண்டிருந்தது. பாராசூட்டிலும் தீ. பிரோஃபி உள்ளிருந்து கையசைத்து, போய்விடு, போய்விடு என்று கத்தினார்.

மைனார்ஸ்கி வந்த வழியே தீக்குள் பின்னோக்கித் தவழ்ந்தார். நண்பனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கதவை அடைந்ததும் எழுந்து விறைப்பாக நின்றார். எரியும் உடையோடு ஒரு சல்யூட். உதடு அசைந்தது. இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அது என்ன சொல் என்று பிரோஃபிக்குத் தெரியும்.

பிறகு குதித்தார். எரிந்தபடியே ஒருவர் இறங்குவதைக் கீழே பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள். தரையைத் தொட்டபோது உயிர் இருந்தது. அதிக நேரம் இல்லை. அமியானுக்கு அருகே மெயாரிகூர் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரோஃபி விமானத்தோடு தரைக்கு வந்தார். மோதிய வேகத்தில் வால் கூண்டு உடைந்தது. வானத்தில் யாராலும் திறக்க முடியாத கூண்டைத் தரை திறந்துவிட்டது. தூக்கி எறியப்பட்ட பிரோஃபி பிழைத்துக்கொண்டார். குண்டுகள் நிறைந்த விமானத்தில் கடைசிவரை இருந்தவர், நடந்து போகிற நிலையில் எழுந்தார். நேசப்படைகள் வரும்வரை பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தாரிடம் மறைந்திருந்தார். 1945இல் மற்றத் தோழர்களைச் சந்தித்தபோதுதான் அவர் வாயிலிருந்து இது வெளியே வந்தது. 1946 அக்டோபர் 11 அன்று மைனார்ஸ்கிக்கு, உங்கள் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. இறந்தவருக்கு அன்றைய விதிப்படி இரண்டே பரிசு உண்டு: ஒன்று விக்டோரியா சிலுவை, இல்லையென்றால் அறிக்கையில் ஒரு குறிப்பு. நடுவில் எதுவும் கிடையாது.

அந்த விருதுப் பத்திரத்தைப் பல முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கூண்டு இயங்கவில்லை, கையால் திருப்பும் கருவியும் சேதமாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நேராக வீரத்துக்குப் போய்விடுகிறது பத்திரம். அந்த ஒரே மூச்சுதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. அவசரத்துக்கென்று வைத்த கைப்பிடி அவசரத்தில் ஒடிகிறது என்றால், அதைப் பற்றி இரண்டாவது வாக்கியம் ஒன்று வேண்டாமா? ஒருவர் தீக்குள் தவழ்ந்ததற்குக் காரணம் எதிரியின் தோட்டா மட்டும்தானா?

வீரத்தைக் குறைக்க வரவில்லை. மைனார்ஸ்கி செய்ததை யாரும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் கிணற்றில் விழுந்த குழந்தையை ஒருவர் குதித்துக் காப்பாற்றினால் அவருக்குச் சால்வை போர்த்துவோம். மறுநாளே கிணற்றுக்கு ஏன் கைப்பிடிச் சுவர் இல்லை என்று ஊராட்சித் தலைவரை நாலு பேர் கேட்பார்கள். சால்வை போர்த்தியவரே தலைவராக இருந்துவிட்டால்தான் சிக்கல். உங்கள் நிலை அதுதான். விருதை அறிவித்ததும் விமானத்தைப் பறக்கவிட்டதும் ஒரே விமான அமைச்சகம். 1964இல் அது உங்களோடு இணைந்துவிட்டது. ஆகவே கேள்வி உங்கள் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

இப்போது 22 அங்குலத்துக்கு வருகிறேன். குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் ஓர் ஆய்வுப் பிரிவு இருந்தது. ஃப்ரீமன் டைசன் என்ற கணித மாணவர் 1943இல் தம் 19ஆவது வயதில் அங்கே வேலைக்குப் போனார். பின்னாளில் உலகறிந்த இயற்பியலாளர். எதிர் வீட்டுப் பையனின் வயது என்பதால் இந்த எண் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் வந்தது. பகலில் சுடப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து ஏறக்குறையப் பாதிப் பேர் உயிரோடு தப்பினார்கள். பிரிட்டனின் ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் விமானங்களில் 25 சதவீதம். லங்காஸ்டரில் 15. ஹாலிஃபாக்ஸின் கதவைவிட லங்காஸ்டரின் கதவு இரண்டு அங்குலம் குறுகல்.

இரண்டு அங்குலம் என்றால் கட்டைவிரலின் நீளம்கூட முழுசாக வராது. அதை அகலப்படுத்தச் சொல்லி டைசனின் சக ஆய்வாளர் ஒருவர் இரண்டு வருடம் அலைந்தார். கடிதம், கூட்டம், மறுபடி கடிதம். அகலமான கதவு கட்டாயமாக்கப்பட்டபோது போர் முடியும் தறுவாயில் இருந்தது.

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். லங்காஸ்டர் மோசமான விமானம் அல்ல. உயரமாகப் பறந்தது, அதிகச் சுமை தூக்கியது, ஹாலிஃபாக்ஸைவிடக் குறைவாகவே அடிபட்டது. அதனால்தான் யாரும் கதவைப் பற்றிக் கவலைப்படவில்லையோ என்று தோன்றுகிறது. மொத்தக் கணக்கு லாபத்தில் இருக்கும்போது, அடிபட்ட விமானத்துக்குள் இருக்கிற ஏழு பேரின் கணக்கை யார் பார்ப்பார்கள்? 419ஆவது படையணி ஹாலிஃபாக்ஸை விட்டு லங்காஸ்டருக்கு மாறியது 1944 வசந்த காலத்தில். மைனார்ஸ்கி இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு.

கேபி 726இன் மூக்குக் கதவில் அன்றிரவு என்ன நடந்தது தெரியுமா? சொல்வதற்கு ஆள் மிச்சம் இருந்ததால் தெரியும். குண்டு குறிபார்க்கும் ஜாக் ஃபிரைடே கதவைத் திறந்தார். காற்று அதைப் பிடுங்கி அவர் நெற்றியில் அடித்தது. நினைவிழந்து திறப்பின் மேலேயே சாய்ந்துவிட்டார். அடுத்து வந்தவர் இயந்திரப் பொறியாளர் ராய் விகர்ஸ், குழுவில் இருந்த இங்கிலாந்துக்காரர். நினைவில்லாத ஆளுக்குப் பாராசூட்டை மாட்டி, அதன் இழுகயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துவாரம் வழியாக வெளியே தள்ளினார். பிறகு தானும் குதித்தார். ஃபிரைடே பிழைத்தார், சிறைப்பட்டார். விகர்ஸுக்கு இதற்காக யாரும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை. அவர் அந்த நேரத்தில் கொஞ்சம் தயங்கியிருந்தால், அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரும் அந்த 22 அங்குலத்துக்கு முன்னால் வரிசையில் நின்று செத்திருப்பார்கள்.

அந்த ஆய்வுப் பிரிவு இன்னொன்றும் சொன்னது. கூண்டுகளையும் துப்பாக்கிகளையும் கழற்றிவிட்டால் விமானம் எடை குறைந்து வேகமாகப் போகும், இழப்பு குறையலாம், குறையாவிட்டாலும், விழுகிற ஒவ்வொரு விமானத்திலும் சாகிற ஆட்கள் குறைவார்கள் என்றது. அந்த யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை. கூண்டில் உட்கார்ந்திருப்பவர் நம்மைக் காப்பாற்றுகிறார் என்ற நம்பிக்கை குழுவுக்கு வேண்டும் என்று நினைத்தார்களாம். அந்த யோசனை ஏற்கப்பட்டிருந்தால் மைனார்ஸ்கியும் பிரோஃபியும் அன்றிரவு அந்த விமானத்திலேயே இருந்திருக்க மாட்டார்கள். விருதும் இருந்திருக்காது. நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று கேட்டால், விருது இல்லாத பக்கம்.

இறந்தவர்களின் எண்ணிக்கையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வாசகர்களுக்காக. ஏறத்தாழ 1,25,000 பேர் அந்தப் படையில் பறந்தார்கள். எல்லோரும் தாமாக வந்தவர்கள். 55,573 பேர் திரும்பவில்லை. இவர்களில் ஒருவர் மனமுடைந்து, இனி பறக்க மாட்டேன் என்று சொன்னால் அவருக்கும் உங்களிடம் ஒரு காகிதம் இருந்தது. 'மன உறுதி இல்லாதவர்' என்று அதில் எழுதிப் பதவியைப் பறித்து, சட்டையில் தைத்த இறக்கைச் சின்னத்தையும் பிடுங்கி அனுப்பினீர்கள். கதவைப் பற்றிக் கடிதம் எழுதியவர் இரண்டு வருடம் காத்திருந்தார். இந்தக் காகிதத்துக்கு இத்தனை நாள் பிடிக்கவில்லை.

சாட்சி என்று சொன்னேன் அல்லவா. மைனார்ஸ்கியின் கடைசி நிமிடத்தைப் பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். அவர் சாக வேண்டியவர். அவர் உடைந்த கூண்டிலிருந்து தூக்கி எறியப்படாமல் போயிருந்தால், உங்கள் பதிவேட்டில் மைனார்ஸ்கி 55,573இல் ஒரு எண்ணாக, எரிந்த உடம்போடு கண்டெடுக்கப்பட்ட ஒரு துப்பாக்கி வீரராக இருந்திருப்பார். சரியான நேரத்தில் ஏன் குதிக்கவில்லை என்றுகூட யாராவது கேட்டிருக்கலாம். 3,000க்கும் மேற்பட்ட லங்காஸ்டர்கள் திரும்பி வரவில்லை. பலவற்றில் ஏழு பேருமே போய்விட்டார்கள். அந்த விமானங்களுக்குள் யார் யாருக்காகத் தீக்குள் தவழ்ந்தார் என்பது யாருக்கும் தெரியாது. எந்தக் கைப்பிடி ஒடிந்தது என்பதும் தெரியாது. இந்த இரண்டாவது விஷயம்தான் உங்களுக்கு வசதியாகிவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இடையில் ஒன்று. காம்ப்ரேயில் குண்டு விழுந்த இடத்தில் ரயில் பாதை மட்டும் இல்லை. ரயில் நிலையத்தைச் சுற்றி எந்த ஊரிலும் வீடுகள் இருக்கும். நேசப்படைகளின் குண்டுவீச்சில் பிரான்ஸில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஜெர்மனியில் லட்சங்களில். எரிந்தபடி இறங்கிய மைனார்ஸ்கியை ஓடிப்போய்ப் பார்த்த கிராமத்தார் அந்த மக்களைச் சேர்ந்தவர்கள்தான். ஒரு துப்பாக்கி வீரரின் மரணத்துக்காகக் கசிகிற மனம் அவர்களுக்காகவும் கசியாவிட்டால் எழுதுவதில் அர்த்தம் இல்லை. இதற்குமேல் இந்த மடலில் அதை விரிக்கவில்லை. அது தனியாக, பெரிதாக எழுத வேண்டியது.

இது பழைய கதை, எண்பது வருடம் ஆயிற்று, இனி என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். போருக்குப் பின் உங்கள் நாட்டிலேயே, விமானியை இருக்கையோடு வெளியே வீசும் தொழில்நுட்பம் வந்தது. அதே குண்டுவீச்சுப் படைக்கு 1950களில் வேலியன்ட், வல்கன், விக்டர் என்று மூன்று புது விமானங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து பேர். முன்னால் இருக்கும் இரண்டு விமானிகளுக்கும் அந்த வீசும் இருக்கை. பின்னால் இருக்கும் மூன்று பேருக்கும் இல்லை. அவர்கள் எழுந்து, கதவைத் திறந்து, பாராசூட்டோடு குதிக்க வேண்டும். 1944இல் போல.

1956 அக்டோபர் 1. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம் முடித்து வல்கன் ஒன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வரவேற்புக்கு இறங்கியது. கடும் மழை. ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையைத் தொட்டு, சேதமாகி, மறுபடி எழும்பியது. கட்டுக்குள் வரவில்லை. விமானி வீசும் இருக்கையால் தப்பினார். துணை விமானியின் இருக்கையில் இருந்த குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஹாரி பிராட்ஹர்ஸ்டும் தப்பினார். அன்று பின்னால் ஒருவர் கூடுதல்; வீசும் இருக்கை இல்லாத அந்த நான்கு பேரும் இறந்தார்கள். அந்த உயரத்தில் அவர்களுக்கு வேறு வழியே கிடையாது. தப்பியவர்களைக் குறை சொல்லவில்லை. இருக்கை இருந்தது, இழுத்தார்கள், நீங்களும் நானும்கூட இழுத்திருப்போம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகாவது பின்னிருக்கைகளை மாற்றியிருக்க வேண்டும் அல்லவா? பின்னால் இருப்பவர்களுக்கும் அதைப் பொருத்த முடியும் என்று சோதனையிலேயே காட்டினார்கள். நீங்கள் பொருத்தவில்லை. வல்கன் 1984 வரை படையணிகளில் இருந்தது. கடைசிவரை மூன்று பேருக்குக் கதவுதான்.

மைனார்ஸ்கியின் பெயரில் வின்னிபெக்கில் ஒரு பள்ளி இருக்கிறது. மனிடோபாவில் ஏரிகள் இருக்கின்றன. மிடில்டன் செயின்ட் ஜார்ஜில் 2005இல் சிலை திறந்தார்கள். உலகத்தில் இன்று பறக்கிற நிலையில் உள்ள இரண்டே லங்காஸ்டர்களில் ஒன்று ஒன்டாரியோவின் ஹாமில்டனில் இருக்கிறது; அதற்கு கேபி 726இன் எழுத்துகளைத் தீட்டி அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் 2012இல் குண்டுவீச்சுப் படைக்கு நினைவுச்சின்னம் எழும்பியது. மறுவருடம் மிச்சமிருந்த முதியவர்களுக்குப் பதக்க நாடாவில் குத்திக்கொள்ள ஒரு சிறிய உலோகப் பட்டை தந்தீர்கள். நினைவுகூர்வதில் யாரும் குறை வைக்கவில்லை.

நான் கேட்பது ஒரு பக்கம். மைனார்ஸ்கியின் விருதுப் பத்திரத்தை நீங்கள் எங்கெல்லாம் வெளியிடுகிறீர்களோ, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று எங்கெல்லாம் வாசிக்கச் சொல்கிறீர்களோ, அங்கெல்லாம் அதன் பின்பக்கத்தில் உங்கள் அமைச்சகத்தின் கையெழுத்தோடு இன்னொரு பக்கம் சேர வேண்டும். வால் கூண்டின் எண்ணெய்க் குழாய் ஒரே இயந்திரத்தை நம்பியிருந்தது என்று அதில் எழுதுங்கள். கைப்பிடி ஒடிந்தது என்று எழுதுங்கள். பாராசூட் கூண்டுக்கு வெளியே இருந்தது, மூக்குக் கதவு 22 அங்குலம், ஆய்வாளர்கள் சொன்னார்கள், நாங்கள் கேட்கத் தாமதித்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டாம். மன்னிப்பு என்றால் உங்கள் வழக்கறிஞர்கள் ஆறு மாதம் எடுத்துக்கொள்வார்கள். நடந்ததை எழுதினால் போதும். வீரத்தைப் பற்றி எழுதியபோது இருந்த அதே தெளிவான நடையில்.

அப்படி ஒரு பக்கம் இருந்தால், இன்று உங்கள் அலுவலகத்தில் எங்கோ ஒரு மூலையில், ஏதோ ஒரு வண்டியின் கதவையோ கவசத்தையோ பற்றி மூன்றாவது நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் இளம் பொறியாளர் அதைத் தன் கோப்பில் இணைத்து அனுப்பலாம். அவருக்காகத்தான் கேட்கிறேன். மைனார்ஸ்கிக்கு அது இனி தேவைப்படாது.

எங்கள் வீட்டு அட்டைப் பெட்டி மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. எதிர் வீட்டுப் பையன் தன் நண்பர்களைக் கூட்டிவந்து, யார் சீக்கிரம் வெளியே வருகிறார்கள் என்று பந்தயம் வைத்து விளையாடினான். ஓரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது, நான் டேப் ஒட்டி மறுபடி 22 அங்குலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் அமைச்சகத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வர நேர்ந்தால் ஒரு முறை நுழைந்து பார்க்கலாம். ஸ்வெட்டர் நீங்கள் கொண்டுவர வேண்டும். தலையணையும் கயிறும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும் ஒரு வாசகன்